இரண்டாம் கையெழுத்து

ஐந்து பேர் கொடுக்கும் பணம்
ஒரே கணக்கில் விழுகிறது.
செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப் பட்டறைக்காரர்கள்,
மலைமேல் ஒரு காப்பி எஸ்டேட்,
ஜெனீவாவில் ஓர் அமைப்பு,
கோரிமேட்டுப் பங்குக் கோயில்,
பெயர் போட வேண்டாம் என்ற ஒருவர்.
விழுந்தபின் எந்த ரூபாய் யாருடையது
என்று வங்கிக்கே தெரியாது.
இருந்தும் மார்ச் வந்தால் ஐவரும் கேட்கிறார்கள்:
எங்கள் பணத்தில் எந்தப் பிள்ளை படித்தது?

அதற்குப் பதில் சொல்லத்தான் எனக்குச் சம்பளம்.
ஐந்து ரோட்டில், ஓர் அச்சகத்தின் மாடியில்,
காற்றாடிக்குப் பறக்காதிருக்க
வவுச்சர்களின் மேல் ஒரு வெள்ளைக்கல் வைத்து
உட்கார்ந்திருக்கிறேன்.

விதிகளை எழுதியதும் நான்தான்.
கேட்பவர் வேறு, ஒப்புபவர் வேறு, கொடுப்பவர் வேறு.
காசோலைக்கு இரண்டு கையெழுத்து.
இரண்டாவது என்னுடையது.

வெள்ளிச் சங்கத்துப் பொருளாளர் தனகோட்டி
முதல் கூட்டத்திலேயே கேட்டார்:
"பட்டறையில கூட்டுன தூசியக்கூட
சலிச்சு, உருக்கி, எடை போடுவோம்மா நாங்க.
உங்க தரையில எவ்வளவு சிந்துது?"
சிந்தாது என்றேன்.
கொஞ்சம் வேகமாகச் சொல்லிவிட்டேன்.

வியாழக்கிழமை, வங்கிக் கணக்கோடு
எங்கள் கணக்கை ஒட்டிப் பார்க்கையில்
ஒரு தாள் இடறியது.
காசோலை 417. பதினெட்டாயிரத்து அறுநூறு.
கரடியூரிலிருந்து பள்ளிக்கு ஜீப்,
முப்பத்தொரு பிள்ளை, ஆளுக்கு முப்பது,
நவம்பரில் இருபது நாள்.
பெருக்கினால் சரியாக வருகிறது.
பெறுபவர் பெயரில் மட்டும்: செல்ஃப்.

வெள்ளிக்கிழமை ஏற்காடு பஸ்.
பதினோராம் வளைவில் எனக்குக் காது அடைக்கும்,
அன்றும் அடைத்தது.
ஜீப்காரர் சடையன்
சீட்டுக்கடியிலிருந்து ஒரு காலண்டரை எடுத்தார்.
நவம்பரில் ஒன்பது பென்சில் கோடு.
"மண்ணு சரிஞ்சு ரோடு போச்சுங்க.
ஓடுன நாளுக்கு வாங்கிக்கிட்டேன்,
எட்டாயிரத்து முன்னூத்தி எழுவது.
ஓடாத நாளுக்கு எதுக்கு?"

மீதிப் பதினோரு நாள் பிள்ளைகள்?
யூரியா சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு
காப்பித் தோட்டத்து வழியாக நடந்தார்களாம்.
பாதிப் பேர் வரவில்லை என்று
ஃபிலோமினா டீச்சரின் வருகைப் பதிவு சொல்கிறது.
நடந்ததற்கு எங்கள் பட்டியலில்
செலவுத் தலைப்பு கிடையாது.

பத்தாயிரத்து இருநூற்று முப்பது.
கணக்கர் நித்தியானந்தம் மறுக்கவில்லை.
ஏன் என்று கேட்டேன்,
ஜன்னலைப் பார்த்தார்.

அக்டோபரில் பித்தப்பையை எடுத்துவிட்டு
நான் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தேன்.
இளநீரும் காசோலைப் புத்தகமுமாக வந்தவர் அவர்.
"பிள்ளைங்க ஜீப் நின்னுறக் கூடாதுல்ல மேடம்."
பத்து வெற்றுத் தாள்.
தலையணையில் வைத்து
பத்திலும் போட்டேன்.
அதில் ஒன்று 417.

இப்போது அறிக்கை.
அவரைப் பற்றிய பத்தி எட்டு வரியில் முடிந்தது.
அடுத்தது:
"இரண்டாம் கையெழுத்து முன்கூட்டியே இடப்பட்டிருந்தது."
இடப்பட்டிருந்தது.
யாரும் செய்யாமல் தானே நடந்ததுபோல்
எவ்வளவு மரியாதையான வினைச்சொல்.
அடித்துவிட்டு எழுதினேன்:
இட்டேன்.

அதற்குப் பக்கத்தில் ஒரு கட்டம்,
நிர்வாகத்தின் பதில்.
அதையும் நானே நிரப்பினால்
குற்றம் கண்டவளும் பதில் சொல்பவளும் ஒருத்தி.
என் விதி அதை ஒப்பாது.

தனகோட்டிக்குப் போன் செய்தேன்.
பின்னால் அரம் ராவும் சத்தம்.
"தூசி கிடைச்சிருக்குங்க" என்றேன்.
"எங்க?"
"என் மேசைக்கடியில."
எல்லாவற்றையும் சொன்னேன், தொகையை இரண்டு முறை.
அரம் நின்றது.
திட்டுவார் என்று காத்திருந்தேன்.

"சரிம்மா. ஜீப்பு இப்ப ஓடுதா?"

இரண்டு மணி நேரம் சடையனோடு இருந்தேன்.
காலண்டரைப் படம் பிடித்தேன்,
ரசீதில் ஒப்பம் வாங்கினேன்,
அந்த ஒன்றைக் கேட்கவில்லை.